மலையகக் கைப்பணியும் இந்திய அனுபவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் கூடை பின்னுபவர்கள், துணியில் பூவேலை செய்பவர்கள், தப்பு என்னும் பறை கட்டுபவர்கள் ஆகியோரிடமும் தேயிலைத் தோட்டங்களில் இயங்கும் மகளிர் குழுக்களிடமும் பேசும்போது சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கைவினைகளை மீட்டெடுக்க இந்தியாவில் நடந்த முயற்சிகளில் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை மனதிற்கொண்டு அவற்றுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன்.

மலையகத்தில் இருப்பவர்கள் இந்தியக் கைவினைகளைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், தமிழகத்துக் கிராமங்களில் பழகிய கைவேலைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், கைவினைகளை வாழவைக்க அரசும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து செய்த மிக நீண்ட முயற்சி ஒன்று இந்தியாவில் நடந்திருக்கிறது என்பதாகும். அகில இந்தியக் கைவினை வாரியம் 1952இல் அமைக்கப்பட்டபோது அதற்குத் தலைமை தாங்கிய கமலாதேவி சட்டோபாத்யாய், 1964இல் இந்தியக் கைவினைக் கழகத்தையும் தொடங்கினார். தமிழ்நாட்டில் ‘பூம்புகார்’ என்ற பெயரில் விற்பனை நிலையங்களை நடத்தும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973இல் உருவானது. எழுபது ஆண்டுகளில் அவர்கள் கண்ட வெற்றியும் தோல்வியும் நம் கண்முன்னே கிடக்கின்றன. அதே தோல்விகளை நாமும் ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா சென்ற நம்மவர் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் உறவினர் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அங்கே நடப்பதைக் கேட்டறிய நமக்கு வழி இருக்கிறது.

மீட்டெடுத்தல் என்றால் பழைய பொருளைப் பழையபடியே செய்வதா?

இல்லை. கொழுந்துக் கூடையை எடுத்துக்கொள்வோம். கயிற்றை நெற்றியில் மாட்டிக் கூடையை முதுகில் சுமந்த பெண்களின் படம்தான் இன்றும் தேயிலைப் பொதிகளில் அச்சாகிறது. ஆனால் மலைக்குப் போகும் பெண்கள் பெரும்பாலும் நைலோன் பையிலோ சாக்கிலோதான் கொழுந்து போடுகிறார்கள். மூங்கில், பிரம்புக் கூடைகள் கனமானவை. மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். நிர்வாகத்துக்குப் பையின் விலை குறைவு. கூடைக்குள் காற்றோட்டம் இருப்பதால் கொழுந்து வெதும்பாது என்ற நன்மை உண்மைதான். அதற்காக ஒரு பெண்ணின் கழுத்தில் பழைய பாரத்தை மறுபடி ஏற்றச் சொல்லும் மீட்டெடுப்பை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

செட்டிநாட்டுக் கொட்டான் இதற்கு நல்ல பாடம். பனையோலையில் பின்னப்படும் இந்தச் சிறு கூடைகளில்தான் நகரத்தார் வீட்டுச் சடங்குகளில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்துக் கொடுப்பார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பின் அந்த வழக்கம் தேய்ந்தது. பின்னத் தெரிந்தவர்கள் முதிய ஆச்சிமார் சிலர் மட்டுமே என்ற நிலை வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு பண்பாட்டு அறக்கட்டளை அவர்களிடமிருந்த கலையைக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தது. பின்னல் பழையதாகவே இருக்க, அளவும் நிறமும் பயன்பாடும் இன்றைய வாங்குநரை எண்ணி மாறின. திருமணத் தாம்பூலப் பையாகவும் பரிசுப் பெட்டியாகவும் அது கைக்குக் கை போகிறது. கலை பிழைத்ததற்குக் காரணம், அதற்கு ஒரு புதிய வேலை கிடைத்ததுதான்.

நம் கூடைக்கும் அப்படியொரு வேலையைத் தேட வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளின் விற்பனை நிலையங்களில் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் தேயிலைக்கு உறையாக உள்ளங்கை அளவு மூங்கில் கூடை, விடுதி அறைகளுக்குத் துணிக்கூடை, கல்யாண வீட்டுச் சீர்த்தட்டு, கோயில் அருச்சனைத் தட்டு என்று பல வழிகள் உண்டு. இவற்றில் முதலாவதையே நான் மிகவும் நம்புகிறேன். தேயிலையும் கூடையும் ஒரே மலையில் பிறந்தவை என்பதை வாங்குபவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்தில் கைப்பணி என்று சொல்ல ஒன்றுமே இல்லையே?

தேடிப் பாருங்கள். ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இன்னும் கோழிக்கூடை பின்னுவார். மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டும் செய்யத் தெரிந்தவர் இருப்பார். தப்புக்குத் தோல் கட்டுபவர், கோயில் தேருக்குக் கடதாசிப் பூ கட்டுபவர், பழைய சேலைகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்கும் பாட்டி, குரோசே பின்னும் அக்கா என்று ஒவ்வொரு தோட்டத்திலும் யாரோ ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் அதைக் கைப்பணி என்று எண்ணுவதில்லை. அதற்கு எவரும் காசு கொடுத்ததும் இல்லை.

அயலில் இருக்கும் சிங்களக் கைப்பணியாளரிடமிருந்தும் கற்க நிறைய உண்டு. கண்டிக்கு அருகே ஹேனவலைக் கிராமத்தில் நாரில் நெய்யப்படும் தும்பறைப் பாய் 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிலிமத்தலாவையில் பித்தளை வேலையும் நத்தரன்பொத்தையில் பல கைப்பணிக் குடும்பங்களும் இருக்கின்றன. கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியவில் வரிசையாக இருக்கும் பிரம்புக் கடைகளைப் பார்க்காதவர் குறைவு. ஒரு நாள் அங்கே இறங்கி, எந்தப் பொருள் விலைபோகிறது, எது தூசு படிந்து தொங்குகிறது என்று பார்த்து வந்தாலே போதிய அளவு தெரிந்துகொள்ளலாம்.

நாங்கள் பின்னும் கூடைகளில் சில மாதங்களிலேயே வண்டு துளைத்து மாவு கொட்டுகிறது. மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

விற்ற கூடை திரும்பி வருவதற்கு முதற்காரணம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வண்டு மூங்கிலைத் தேடி வருவதில்லை. மூங்கிலுக்குள் இருக்கும் மாச்சத்தைத் தேடி வருகிறது. இளம் மூங்கிலில் அது அதிகம். ஆகவே மூன்று நான்கு ஆண்டு முற்றிய தண்டையே வெட்ட வேண்டும். முற்றிய தண்டில் பளபளப்பு மங்கி, ஆங்காங்கே வெண்திட்டுகள் படிந்திருக்கும்; தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வெட்டியதை ஓடும் நீரிலோ தொட்டியிலோ இரண்டு மூன்று வாரம் ஊறவைத்தால் மாச்சத்து பெருமளவு கரைந்து வெளியேறும். தேங்கிய நீரானால் நாற்றம் எடுக்கும். அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். தொகையாகச் செய்யும் குழுக்கள் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பது இந்தியாவின் மூங்கில் பட்டறைகளில் பரவலான முறை. உணவு வைக்கும் கூடைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது சிம்பு, அதாவது பின்னுவதற்கான மூங்கில் கீற்று, எடுப்பது. கைதேர்ந்த பெரியவர் ஒருவர் இதைச் செய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். கத்தியால் நுனியில் ஒரு கீறல் மட்டும்தான் போடுவார். பிறகு கத்தியைத் திருகித் திருகி முன்னே தள்ள, மூங்கில் தானாகவே நார் ஓடும் வழியில் பிளந்துகொண்டு போகும். பிளவு ஒரு பக்கம் சாய்ந்தால், கனத்த பக்கத்தைக் கட்டைவிரலால் வளைத்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவார். அந்த விரலில் ஒரு துணி சுற்றியிருக்கும், ஏனெனில் மூங்கிலின் விளிம்பு சவர அலகைப் போலக் கூரியது. பச்சைத் தோலோடு கூடிய வெளிப்பட்டையையும் மென்மையான உட்பட்டையையும் தனித்தனியே பிரித்துவைத்து, பாரம் தாங்கும் விலாக்களுக்கும் வாய்க்கட்டுக்கும் வெளிப்பட்டையை மட்டுமே எடுப்பார். உட்பட்டையால் வாய் கட்டிய கூடை ஒரு பருவம்கூடத் தாங்காது. பயிற்சி வகுப்புகளில் இந்தப் பகுதியை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் கற்பதற்கான காலத்தில் பாதியாவது இதற்கு வேண்டும்.

பூஞ்சணத்துக்குக் காரணம் ஈரம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வெயிலை நம்பிப் பின்னக் கூடாது. சிம்புகளை வெயில் காலத்திலேயே எடுத்து, காயவைத்து, அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி சேர்த்துவைத்தால் மழைக்காலத்தில் பின்னலாம். முடித்த கூடையை ஈரம் உலருமுன் பொலித்தீனில் கட்டி அனுப்பாதீர்கள்.

விலையை எப்படித் தீர்மானிப்பது?

கடையில் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடுவதே இங்கே வழக்கம். அப்படிப் போட்டால் கடைசியில் மிஞ்சுவதைக் கூலி என்று கொள்ள வேண்டிவரும். கணக்குக் கூலியிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் அரச வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அதன்பின் சம்பளம் உயர்ந்திருந்தால் இந்தக் கணக்கையும் உயர்த்துங்கள். மலையில் வேலை செய்பவருக்கு அந்தச் சம்பளத்துக்கு மேல், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் நிர்வாகம் செலுத்துகிறது. வீட்டிலிருந்து கூடை பின்னுபவருக்கு அதைச் செலுத்த யாரும் இல்லை. ஆகவே அவருடைய ஒரு நாளின் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 1,552 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு 194 ரூபா. ஒரு நடுத்தரக் கூடைக்குச் சிம்பு எடுப்பது முதல் வாய் கட்டுவது வரை 6 மணித்தியாலம் ஆகும் என்றும், மூங்கிலுக்கு 250 ரூபாவும் போக்குவரத்துக்கும் பொதிக்கும் 150 ரூபாவும் செலவாகும் என்றும் எடுத்துக்கொண்டால், கூலி 1,164 ரூபா. அடக்கவிலை 1,564 ரூபா. பழுதாகும் கூடைக்கும் கத்தி தீட்டுவதற்கும் குழுவின் சேமிப்புக்குமாக 20 சதவீதம் சேர்த்தால் 1,877 ரூபா. இது கடைக்காரரிடம் நீங்கள் சொல்லும் விலை. அவருடைய இலாபம் இதற்கு மேல் வர வேண்டும்.

அந்த விலைக்கு ஆள் இல்லாவிட்டால், கூலியைக் குறைப்பது தீர்வல்ல. பொருளை மாற்றுவதுதான் தீர்வு. ஒரு மணித்தியாலத்தில் முடியும் சிறு தேயிலைக் கூடை, ஆறு மணித்தியாலக் கூடையைவிட நல்ல கூலி தரக்கூடும். எந்த மாற்றம் செய்தும் ஒரு பொருள் நாட்சம்பளத்தை எட்டாதென்றால், அதை ஓய்வு நேர வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி யாரையும் பேர் வெட்டிக்கொண்டு, அதாவது தோட்ட வேலையை விட்டு, வரச் சொல்லாதீர்கள்.

புவிசார் குறியீடு பெற்றால் கைப்பணியாளரின் வாழ்வு உயர்ந்துவிடுமா?

குறியீடு என்பது, ஓரிடத்தின் பெயரை அவ்விடத்தில் உருவாகாத பொருளுக்குச் சூட்டி விற்பதைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு. இந்தியாவில் இதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. டார்ஜிலிங் தேயிலையே முதலில் பதிவானது. காஞ்சிபுரம் பட்டு, தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை வெண்கலச் சிலை, பவானி ஜமுக்காளம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, பத்தமடைப் பாய் என்று தமிழ்நாட்டிலிருந்து பதிவான பட்டியல் நீளமானது.

பாதுகாப்பு வேறு, வாங்குபவர் வேறு. பத்தமடையில் தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, மணமக்களின் பெயரையே பாயில் நெய்து தருகிறார்கள். தொட்டால் பட்டுத் துணியோ என்று தோன்றும். நேர்த்தியான பாய் ஒன்றை முடிக்கப் பல வாரம் செல்லும். பிளாஸ்டிக் பாய் ஊரெங்கும் விற்கும்போது, குறியீடு இருப்பதனால் மட்டும் அத்தனை வார உழைப்புக்கு வாங்குநர் வந்து நிற்பதில்லை. மலையகக் குழுக்கள் முதலில் தரத்தையும் தொடர்ச்சியான கொள்வனவுக் கட்டளைகளையும் தேடிக்கொள்ளட்டும். போலி வருமளவுக்கு நம் பொருளுக்குப் பெயர் கிடைத்த பின் குறியீட்டைப் பற்றிப் பேசலாம்.

மூலப்பொருளுக்கு யாரிடம் போவது?

தோட்டத்து மூங்கில் தோட்ட நிர்வாகத்துக்குரியது. அனுமதியின்றி வெட்டி மாட்டிக்கொண்டால் ஒரு கூடையின் இலாபத்துக்காக ஒரு குடும்பம் அலைய நேரிடும். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்; ஆற்றோரம், அரச நிலம் என்றால் பிரதேச செயலகத்திலும் வனத் திணைக்களத்திலும் கேட்ட பின்பே வெட்டவோ ஏற்றவோ வேண்டும். இந்தியாவில்கூட, தனியார் நிலத்தில் வளர்த்த மூங்கிலும் சட்டப்படி மரமாகக் கருதப்பட்டு, வெட்டவும் ஏற்றவும் அனுமதிச் சிக்கல் இருந்தது. 2017இல்தான் வனச் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கினார்கள்.

இந்தக் கேள்வியைச் சிறிதாக எண்ண வேண்டாம். குஜராத்தின் கட்ச் பகுதியில் அஜ்ரக் என்னும் அச்சுத் துணிக்குச் சாயமிடும் குடும்பங்கள் தமட்கா கிராமத்து நீரை நம்பி வாழ்ந்தன. 2001 ஜனவரி 26இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே நீரின் தன்மை மாறி, சாயம் சரியாக ஏறாமற் போனது. பலர் இடம்பெயர்ந்து அஜ்ரக்பூர் என்ற புதிய கிராமத்தை அமைத்தார்கள். கையில் கலை இருந்தும் நீர் இல்லாமல் ஊரையே மாற்ற வேண்டியிருந்தது. நம் குழுக்களும் பயிற்சி தொடங்கும் நாளிலேயே நாற்று நட வேண்டும். மூங்கில் கைக்கு வர நான்கைந்து ஆண்டு ஆகும்.

தப்பு செய்வதையும் கூடை பின்னுவதையும் ‘அந்தச் சாதி வேலை’ என்று சொல்லி இளைஞர்கள் விலகுகிறார்கள். அவர்களை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

அவர்கள் விலகியதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சாவு வீட்டில் அடிக்க வேண்டும் என்று ஒரு குடும்பத்தைக் கட்டாயப்படுத்தியதும், அடித்து முடித்த பின் அவர்களைத் தள்ளி நிறுத்தியதும் நம் சமூகம் செய்த கொடுமை. அதை மாற்றாமல், மரபைக் காப்பாற்று என்று அவர்களின் பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. இந்தியாவிலும் இதுவே பெரிய முடிச்சு. கைவினைகளில் பல பிறப்போடு கட்டப்பட்டவை; தன் பிள்ளை இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று எத்தனையோ கைவினைஞர்கள் சொல்வது வறுமையினால் மட்டுமல்ல.

ஆகவே பயிற்சி எவருக்கும் திறந்திருக்க வேண்டும்; பரம்பரையாகத் தெரிந்தவர் அங்கே ஆசிரியராக, ஆசிரியருக்குரிய மரியாதையோடும் சம்பளத்தோடும் அமர வேண்டும். வட்ட மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, வாசிக்குமுன் நெருப்பில் காய்ச்சிச் சுதி ஏற்றும் தப்பு இப்போது மேடைகளிலும் ஒலிக்கிறது; ஆணும் பெண்ணும் சேர்ந்து அடிக்கிறார்கள். அந்தக் குழுக்களுக்குத் தப்பு தேவை. அந்தத் தேவையை மலையகத்துக் கைகளே நிறைவேற்றட்டும்.

இந்திய அரசின் திட்டங்களில் நாங்கள் சேர முடியுமா?

முடியாது. 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டம் இந்தியக் கைவினைஞர்களுக்கானது. ஆனால் அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. கூடை, பாய் பின்னுபவர்கள் உட்பட 18 தொழில்களுக்கு, பயிற்சி நாட்களில் தினமும் 500 இந்திய ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிணையில்லாமல் 5 சதவீத வட்டியில் முதலில் 1 இலட்சமும் பின்னர் 2 இலட்சமும் கடன் என்று வகுத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் நாளின் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்ற எண்ணத்தை இங்குள்ள திட்டங்களும் ஏற்க வேண்டும். வயிற்றைக் கட்டிக்கொண்டு யாரும் கற்க முடியாது.

இலங்கையில் 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய அருங்கலைகள் பேரவை இயங்குகிறது. வடிவமைப்புக்குத் தேசிய வடிவமைப்பு நிலையமும் விற்பனைக்கு லக்சலவும் உள்ளன. கைப்பணியாளராகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். பேரவை நடத்தும் ‘சில்ப அபிமானி’ போட்டிக்குப் பொருள் அனுப்புங்கள். தமிழும் அரச கரும மொழி. விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

பயிற்சி தந்தார்கள், சான்றிதழும் தந்தார்கள். அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

வாங்குபவர் இல்லாமல் தொடங்கிய பயிற்சி அப்படித்தான் முடியும். அடுத்த முறை எவரேனும் பயிற்சி தர வந்தால், முடிந்த பின் முதல் ஐம்பது பொருட்களை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் விடை கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. வாரியங்களை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கமலாதேவி வளர்த்த அந்தக் கைவினை வாரியத்தையே 2020 ஆகஸ்டில் கலைத்துவிட்டார்கள்.

இடமும் ஒரு காரணம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில்) ஒரு குடும்பம் படுப்பதற்கே இடம் போதாது. அதில் பத்தடி மூங்கிலை எங்கே கிடத்துவது? பயிற்சி நிலையத்தில் நன்றாகப் பின்னிய பெண்கள் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பயன்படாமல் கிடக்கும் பிள்ளை மடுவத்தையோ (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) பழைய மஸ்டர் கொட்டிலையோ (வேலைக்குப் பெயர் பதியக் கூடும் இடம்) குழுவின் பெயரில் கேட்டுப் பெறுவது, இன்னொரு பயிற்சியைக் கேட்டுப் பெறுவதைவிட அதிகம் உதவும்.

நீலகிரித் தோடர்களின் பூவேலையைப் பார்த்து நாங்களும் செய்து விற்கலாமா?

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழை எண்ணித் தைக்கும் அந்த வேலை தோடர் பெண்களுடையது. 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. பார்த்துக் கற்கலாம், இழை எண்ணும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய கோலங்களை அப்படியே தைத்து அந்தப் பெயரில் விற்பது, மிகச் சிறிய ஒரு சமூகத்தின் சோற்றில் கைவைப்பதாகும். நம்மிடம் காமன் கூத்தின் கிரீடம் இருக்கிறது, மார்கழிக் கோலம் இருக்கிறது, தேயிலைக் கொழுந்தின் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கின்றன.

எதைச் செய்தாலும் அதில் ஒரு சிறு சீட்டுக் கட்டுங்கள். செய்தவர் விரும்பினால் அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், மூலப்பொருள், ஈரத்தில் வைக்க வேண்டாம் என்ற குறிப்பு ஆகியவை தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அதில் இருக்கட்டும். ஏப்ரல் பருவத்துக்கு நுவரெலியாவில் கூடும் கூட்டத்துக்கு விற்பதானால், அந்தச் சீட்டுகளை மாசி மாதத்துக்குள் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.